பன்னிரண்டாம் படியில் நின்ற கரடியார்

ஒரு காட்டில், மற்ற எல்லா அலுவலகங்களும் தரையில் இருக்க, தேன் உரிமம் தரும் அலுவலகத்தை மட்டும் எண்பது படி ஏறிப்போகும் பாறைமேல் வைத்திருந்தார்கள். அங்கே சடையாண்டி என்ற கரடியார் எழுத்தராக இருந்தார். விண்ணப்பத்தோடு வரும் மாதிரித் தேனைச் சோதிப்பது அவர் வேலை. கடமையில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கமாட்டார்.

இப்படிப் பதினைந்து வருடம் கடமையாற்றியதில் உடம்பு பெருத்து, பன்னிரண்டாம் படியிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. பயந்துபோய் மரங்கொத்தி டாக்டரிடம் போனார். டாக்டர் நெஞ்சை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். நுரையீரலும் இதயமும் நன்றாகவே இருக்கின்றன, வயிற்றுக் கொழுப்புதான் கீழேயிருந்து முட்டி நெஞ்சை விரியவிடாமல் செய்கிறது என்றார். சடையாண்டிக்கு ஏமாற்றமாகிவிட்டது. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான ஒரு வியாதியை அவர் எதிர்பார்த்துப் போயிருந்தார்.

“ஆஸ்துமாவாக இருக்காதா டாக்டர்?”

“இருக்காது. சாப்பாட்டைக் குறையுங்கள். தினமும் நடங்கள்.”

மனைவி மங்கலத்திடம், அலுவலகத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னார். மங்கலம் தூசியைத் தேடாமல் அவர் வயிற்றைப் பார்த்தார். அன்று முதல் தட்டில் விழுவது பாதியாயிற்று.

முயல்கள் தாண்டித் தாண்டிப் போகிற படியில் இளைத்துக்கொண்டு நிற்பது சடையாண்டிக்கு அவமானமாக இருந்தது. ஆகவே மூச்சு வாங்கும்போதெல்லாம் பாறையில் படர்ந்த பாசியை உற்றுப் பார்ப்பதுபோல நின்றார். ஒருநாள் மேலதிகாரி சிறுத்தையார் அதைப் பார்த்துவிட்டு, அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ‘பாசி பார்க்கிறேன், பொறுங்கள் ஐயா’ என்று சொல்லத்தான் நினைத்தார்.

“பாசி... பொறு...” என்பதுதான் வந்தது.

அதை உபதேசமாக எடுத்துக்கொண்ட சிறுத்தையாருக்கு மெய்சிலிர்த்தது. அந்த வாரமே சடையாண்டி மனவளப் பயிற்சியாளர் ஆனார். காலையிலும் மாலையிலும் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு படியேறுவார். மூச்சு முட்டும் இடத்தில் நிற்பார். ஒரு சொல் சொல்வார். அதிகாரிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். தாம் ஒரு ஞானியோ என்று அவருக்கே சில நாள் சந்தேகம் வந்தது.

பாதித் தட்டும் எண்பது படியுமாக நாலு மாதம் போயிற்று. ஒரு காலை, எங்குமே நிற்காமல் உச்சிக்கு வந்துவிட்டார். நெஞ்சு நிறையக் காற்று. கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் திரும்பி நின்று, முதல்முறையாக முழு வாக்கியத்தில் பேசினார். மச்சினனோடு குகைச் சுவர் தகராறு, முழங்கால் வலி, வராத பதவி உயர்வு என்று முக்கால் மணி நேரம்.

அதிகாரிகள் கொட்டாவி விட்டார்கள். சிறுத்தையார் பெருமூச்சு விட்டார்.

“பழைய சடையாண்டி எவ்வளவு ஆழமானவர்!”

மறுநாள் அந்தப் பதவிக்கு ஒரு காட்டுப்பன்றியாரைப் போட்டார்கள். ஆறாம் படியிலேயே அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மகான் என்றார்கள்.

சடையாண்டி வீட்டுக்குப் போய், நடந்த அநியாயத்தை அடி முதல் நுனிவரை மங்கலத்திடம் சொல்லித் தீர்த்தார். மங்கலத்துக்கு அநியாயம் எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“எத்தனை வருஷமாச்சுங்க, நீங்க இப்படி மூச்சு விடாமப் பேசி!”

நீதி: உடம்பு இளைத்தால் மூச்சு வரும்; மூச்சு வந்தால் பேச்சு வரும்; பேச்சு வந்தால் பதவி போகும். ஆகவே எடையைக் குறைப்பவர்கள், சாப்பாட்டுக்குக் கட்டும் வாயைப் பேச்சுக்கும் கட்டிக்கொள்க.