ரத்தக்குழாய்க் கவட்டில் டாக்டர் ஹாகன்

எண்ணை நம்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கடவுளை நம்புகிறவரிடம்கூட "எங்கே பார்த்தீர்?" என்று கேட்டுவிடலாம்; இவர்களிடம் "எங்கே அளந்தீர்?" என்று கேட்க முடியாது. கோபம் வரும்.

அமெரிக்காவில் டுலூத் நகரத்து டாக்டர் ஹாகன் அந்த இனத்துத் திலகம். கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார், ஸ்கேன் எடுக்கும் லோர்னாவின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கி நோயாளியின் கழுத்தில் வைப்பார், திரையில் ரத்த வேகத்தின் எண் தோன்றியதும் முதல் பேரனைப் பார்ப்பதுபோலச் சொக்கிப்போவார். அதற்குமேல் கருவி நகராது. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்கிறதே, பொய்யா சொல்லும்?

அன்று படுத்திருந்தவர் ஆரின் டஃப்ட்; பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"ரத்தம் பிச்சுக்கிட்டு ஓடுது. குழாய் சுருங்கிருச்சு. கழுத்தைத் திறந்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

ஆரின் தலையைத் தூக்கினார். "அப்போ சனிக்கிழமை மீன்பிடிக்கப் போறது?"

லோர்னா திரையை எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகக் கழுத்துகளைப் பார்ப்பவள். கருவி இருந்தது ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில். அங்கே ரத்தம் ஒழுங்காகவா ஓடும்? ஒரு சுவரில் மோதும், மறு சுவரோரம் சுழலும், கொஞ்சம் பின்னாலும் வரும். குழாய் சாயும் கோணத்தைக் கருவிக்குத் தப்பாகக் கொடுத்தால் வேகம் இருமடங்காகத் தெரியும்.

"டாக்டர், குழாய் பிரியற இடத்துல வெச்சிருக்கீங்க. கொஞ்சம் மேல, நேரா ஓடற இடத்துல பாக்கலாமே."

"எண் வந்தாச்சே, லோர்னா!"

"எண் எங்க வெச்சாலும் வரும் டாக்டர். கத்தி அப்படியில்லையே."

ஆரின் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "கழுத்து என்னோடதுய்யா. அந்தம்மா சொல்ற இடத்துலயும் பாருங்க."

லோர்னா மூன்று இடத்தில் அளந்தாள். குழாயின் சுவரையும் துருவிப் பார்த்தாள். அடைப்பு இல்லை. வேகம் பாதி.

டாக்டர் தன் எண்ணையும் அவள் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடலாமா?"

"அப்போ பாதிக் கழுத்தைத் திறப்பீங்களா?"

ஆரின் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. டாக்டர் முதல் அறிக்கையைக் கிழித்தார். 'குறை ஒன்றுமில்லை' என்று புதிதாக எழுதினார். அன்று மத்தியானமே சாப்பாட்டு மேசையில் இளம் டாக்டர்களிடம், "கவட்டுல அளக்கவே கூடாதுப்பா, நான் எப்பவும் சொல்றதுதான்" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் லோர்னா சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை எடை பார்க்கும் கருவியைக் குளியலறைத் தரையில் அங்கும் இங்கும் இழுத்து, இரண்டு கிலோ குறைத்துக் காட்டிய மூலையில் நின்று புன்னகைத்தது யார்?