தங்காமல் தங்கிய விருந்தினர்

விலங்கின் தோலைப் பதப்படுத்தி அணியக் கற்ற நாளில் மனிதகுலம் நாகரிகத்தின் முதற்படியில் கால் வைத்தது. இரண்டாம் படியில் அது கால் வைத்தது 2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஆம்பூரில், எங்கள் காலணித் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில். இடைப்பட்ட காலத்தில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஏதும் நடைபெற்றதாக எனக்குத் தெரியவில்லை.

அவ்விரண்டாம் படியாவது, வேலூரில் ஒரு விடுதி அறையை இணையத்தளத்தின் வாயிலாக முன்பதிவு செய்தமையாகும். நிர்வாகப் பிரிவின் மேற்பார்வையாளனாகிய கிருபானந்தம் என்னும் நான் அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை அருகிருந்து கண்டவன். அந்தத் தளத்தின் பெயரை இங்குக் கூறேன். கூறினால் அதன் புகழ் மேலும் பெருகி, அதனால் தாங்க இயலாது போய்விடும்.

அதற்கு முன்னர் நாங்கள் அநாகரிகமாக வாழ்ந்து வந்தோம். சரக்கைப் பார்வையிட வருவோர்க்கு வேலூர் மங்களம் லாட்ஜில் அறை வேண்டுமெனின், அதன் மேலாளர் பெருமாளைத் தொலைபேசியில் அழைப்போம்.

“பெருமாளு, நாளைக்கு ஒரு ஏசி ரூம்.”

“அனுப்புங்க சார்.”

இவ்வளவே. கடவுச்சொல் இல்லை, படிவம் இல்லை, பிறந்த தேதி இல்லை. மொத்தம் ஒன்பது நொடிகள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அறை கிடைக்காமற் போனதில்லை என்பதே அம்முறை எத்துணைப் பிற்போக்கானது என்பதற்குச் சான்று. தோல்விக்கே இடமில்லாத முறையில் வளர்ச்சிக்கு ஏது இடம்?

இக்கேட்டினைக் களைய வந்தவர் எங்கள் உரிமையாளர் ஜியாவுல்லா சாகிபின் புதல்வர் சமீருல்லா. பெங்களூரில் மேலாண்மை பயின்று திரும்பிய அவர், முதற்கண் தொழிற்சாலையிலேயே இருந்த விருந்தினர் அறையிலிருந்து கட்டிலை அகற்றி, அங்குக் கணினியை வைத்தார். விருந்தினர்க்கு அறை தேடித் தருவதற்கென வைக்கப்பட்ட கணினி அது. இனித் தொலைபேசியில் அறை கேட்கும் வழக்கம் கூடாது என்றும் ஆணையிட்டார். ஆணையை வாய்மொழியாக ஏற்றுமதிப் பிரிவுக்குத் தெரிவிக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

ஏற்றுமதிப் பிரிவு என்பது முனீர் அகமது என்னும் ஓர் இளைஞர். ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் பணியாற்றி வந்தார். அந்த மாத இறுதியில் அவர் வேலை உறுதியாக வேண்டும். உழைப்பாளி. ஆயினும் காரணம் கேட்கும் குறை அவரிடம் இருந்தது.

அந்த வாரம் ஆறாயிரம் ஜோடிக் காலணிகள் பெட்டிகளில் காத்திருந்தன. வாங்குவோரின் சென்னை அலுவலகத்திலிருந்து தர ஆய்வாளர் கரோலின் அம்மையார் புதன்கிழமை வந்து, இரவு வேலூரில் தங்கி, வியாழன் மாலைக்குள் பார்த்து முடித்துக் கையொப்பமிட வேண்டும். வெள்ளி எங்கள் தொழிற்சாலைக்கு வாராந்தர விடுமுறை. சனியன்று கப்பல். ஜியாவுல்லா சாகிப் முனீரை அழைத்து, மகனே என்று உருதுவில் விளித்துச் சுருக்கமாகச் சொன்னார்:

“அந்தம்மா கையெழுத்து போட்டாத்தான் கப்பல், பேட்டா. கப்பல் போச்சுன்னா நீயும் போயிடு.”

முனீர் கணினியின் முன் அமர்ந்தார். ஒன்பது நொடி வேலை மூன்றரை மணி நேரமாக மேம்பாடு அடைந்தது. தளம் அவரிடம் பயணத்தின் நோக்கம் தேனிலவா என வினவியது. செல்லப் பிராணி உடன் வருகிறதா என வினவியது. இருமுறை மின்சாரம் நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் நாடுகளின் பட்டியலில் தம் நாட்டை மீண்டும் ஆப்கானிஸ்தானிலிருந்து தேடி வர வேண்டியிருந்தது. ஈற்றில் ‘ரிவர் பாரடைஸ் கிராண்ட்’ என்னும் விடுதி திரையில் தோன்றிற்று. நீல நிற நீச்சல் குளம், வெண்ணிறத் திரைச்சீலை, சாளரத்துக்கு வெளியே நுங்கும் நுரையுமாய்ப் பாலாறு. பாலாற்றில் அவ்வளவு தண்ணீரை நாங்கள் கண்டது அதுவே முதன்முறை. ‘ஒரே ஓர் அறைதான் எஞ்சியுள்ளது’ எனத் தளம் பரிவுடன் எச்சரித்தது.

“கிருபா சார், எதுக்கும் அந்த ஓட்டலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கட்டா?” என்றார் முனீர்.

“ஐயம் முன்னேற்றத்தின் பகை” என்று விடையிறுத்தேன். அவர் பொத்தானை அழுத்தினார். ‘உறுதி செய்யப்பட்டது’ என்று திரை ஒளிர்ந்தது. எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதம் உழைத்தும் முனீர் பெறாத சொல்லை அறை மூன்றரை மணி நேரத்தில் பெற்றுவிட்டது.

புதன் நண்பகல் காட்பாடி நிலையத்தில் அம்மையாரைப் பூங்கொத்துடன் வரவேற்றோம். ‘கிராண்ட்’ இருந்த தெருவைத் தேடிச் சென்ற கார், எனக்கு நன்கு பழக்கமான ஒரு சந்தில் நின்றது. மங்களம் லாட்ஜின் பழைய பெயர்ப்பலகை மீது புதிய ஃபிளெக்ஸ் ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன் கீழ்ப் பெருமாள் நின்றிருந்தார்.

“வாங்க கிருபா சார்! இன்னா, போனையே காணோம்? எம்மேல கோவமா?”

“இது எப்போது பாரடைஸ் ஆயிற்று?” என்றேன்.

“போன மாசம் முதலாளி கம்ப்யூட்டர்காரங்களோட கையெழுத்து போட்டார் சார். ஏசி ரூம் எட்டும் இப்ப அவங்க கையில. பேரும் அவங்க வெச்சதுதான். எனக்கே வாயில நுழைய மாட்டேங்குது.”

முனீர் அச்சிட்ட உறுதிச்சீட்டை நீட்டினார். பெருமாள் மூக்குக் கண்ணாடியை அணிந்து அதனை இருபுறமும் படித்தார்.

“பேப்பர் நல்லாத்தான் இருக்குது. ஆனா அவங்ககிட்டேர்ந்து எங்களுக்கு ஃபேக்ஸ் வரணுமே தம்பி. வரல.”

“ரூம் இருக்கா இல்லியா?”

“இருக்குதே! எட்டும் காலி. தோ பாரு, சாவி தொங்குது.”

“அப்ப ஒண்ணு குடுங்கண்ணே.”

“ஃபேக்ஸ் இல்லாம ஏசி சாவியத் தொட்டா என் வேல போயிடும். ஏசி இல்லாதது முப்பது ரூம். அதுல எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. மாசக்கணக்குல இருக்காங்க, பாவம்.”

எட்டு அறைகள் காலியாக இருந்தும் ஓர் அறையும் இல்லாத இந்நிலையை எளிய தொலைபேசியால் ஒருபோதும் உண்டாக்கியிருக்க இயலாது. அம்மையார் பிடிக்கத் தந்த பூங்கொத்தை ஏந்தியவாறு நான் வியந்து நின்றேன்.

முனீர் அத்தளத்தின் ‘வாடிக்கையாளர் நலப் பிரிவை’ அழைத்தார். தமிழுக்கு ஐந்தை அழுத்தி, இருபத்திரண்டு நிமிடம் வீணையிசை கேட்டபின் ரோஹன் என்பவர் வந்தார். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் யாவரும் கேட்டோம்.

“சார், உங்க கெஸ்ட் செக்-இன் ஆயிட்டாங்க சார்.”

“எங்க ஆயிட்டாங்க? என் பக்கத்துல நிக்கிறாங்க!”

“சிஸ்டத்துல ரூமுக்குள்ள இருக்காங்க சார். பன்னெண்டு மணிக்கே போய்ட்டாங்க. அதனாலதான் ஃபேக்ஸ் அனுப்பல. உள்ள இருக்கிறவங்களுக்கு எதுக்கு சார் ஃபேக்ஸ்?”

அம்மையார் கைப்பேசியை வாங்கினார். “நான்தான் கரோலின் பேசறேன்.”

“வணக்கம் மேடம்! ரூம் வசதியா இருக்கா மேடம்?”

“நான் வெளிய நிக்கிறேங்க.”

“ஓ, வெளிய வந்துட்டீங்களா? அப்ப செக்-அவுட் பண்ணிடட்டுமா மேடம்?”

“பண்ணுங்க. பண்ணிட்டு அதே ரூமைத் திருப்பிக் குடுங்க.”

விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. “பண்ணிட்டேன் மேடம். இப்ப அந்த ரூம் க்ளீனிங்ல இருக்கு. நாளைக்கு மத்தியானம்தான் ரிலீஸ் ஆகும்.”

“யாருமே படுக்காத ரூமை இன்னாய்யா க்ளீன் பண்ணப் போறீங்க?” என்று பெருமாள் இடைமறித்தார்.

“நீங்க யார் சார்?”

“நான்தான் க்ளீன் பண்றவன்! மேனேஜர்!”

“சாரி சார், நாங்க கஸ்டமர்கிட்ட மட்டும்தான் பேச முடியும்.”

“மத்த ஏழு ரூம்ல ஒண்ணு குடுங்களேன்” என்றார் முனீர்.

“அதுக்குப் புதுசா புக் பண்ணணும் சார். ஆனா அதே நாளுக்கு அதே கெஸ்ட் பேர்லயோ அதே கம்பெனி பேர்லயோ ரெண்டாவது தடவை சிஸ்டம் எடுக்காது. கம்ப்ளெய்ண்ட் போட்டிருக்கேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துல தீர்ந்துடும்.”

நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது வெள்ளிக்கிழமை. தளம் எங்கள் விடுமுறையையும் மதித்தே செயற்பட்டது.

முனீர் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று ஏழு விடுதிகளுக்குத் தடையை மீறித் தொலைபேசியில் பேசினார். எல்லாம் நிறைந்திருந்தன. இவ்வொழுங்கீனத்தை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அம்மையார் இதற்கிடையில், “பெருமாள், ரூமைத் தொறந்து காட்டவாவது செய்வீங்களா?” என்று வினவினார்.

“காட்டலாம் மேடம். தங்கத்தான் கூடாது.”

எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. வாங்குவோர் ஒரு காலணியில் கையொப்பமிட்டு, இதுவே மாதிரி என்று தருவர். சரக்கை அதனருகே வைத்து ஒப்பிடுவர். நிறம் ஒரு நூலிழை மாறினும் சரக்கு திரும்பும். அம்மையார் உறுதிச்சீட்டில் அச்சாகியிருந்த தளத்தின் படத்தை மாதிரியாகக் கையில் பிடித்துக்கொண்டு அறையை ஒப்பிடலானார்.

“கர்ட்டன் ஷேட் மாறியிருக்கு.”

“வெயில்ல வெளுத்துடுச்சு மேடம்.”

அம்மையார் திரைச்சீலையை விலக்கினார். பின்னால் சுவர் இருந்தது. “ஜன்னலே இல்ல. வெயில் எப்படி வந்துச்சு?”

பெருமாள் பதிலுக்கு மின்விசிறியைப் போட்டுக் காட்டினார்.

“ஸ்விம்மிங் பூல் எங்க?”

“தரைக்கடியில தண்ணி சம்ப்பு இருக்குது மேடம். குழந்தைங்க விழாம மூடி போட்டு வெச்சிருக்கோம்.”

“ஆறு?”

“மொட்டை மாடிக்குப் போனா மணல் தெரியும். இப்ப அதுவும் கம்மி. லாரில அள்ளிட்டுப் போய்ட்டாங்க.”

அம்மையார் பேனாவை எடுத்தார். பல்லாண்டுப் பழக்கத்தால் படத்தின் குறுக்கே ‘ரிஜெக்டட்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, தேதியும் இட்டார். ஆறாயிரம் ஜோடிக் காலணிகள் எதிர்நோக்கியிருந்த அந்தக் கையொப்பம் இங்ஙனம் உரிய காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது. தாள் ஒன்றுதான் வேறு.

“மேடம், இப்பவே ஆம்பூர் வந்து முடிஞ்ச வரைக்கும் பாத்துடுங்க. நைட்டு கார்லயே மெட்ராஸ்ல விட்டுடறேன். காலைல நானே வந்து கூட்டிட்டு வர்றேன்” என்றார் முனீர்.

“போக வரவே ஆறு மணி நேரம். ஆறாயிரம் ஜோடியத் தூக்கக் கலக்கத்துல பாத்துக் கையெழுத்து போடச் சொல்றீங்களா தம்பி? உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. திங்கட்கிழமை வர்றேன்.”

“திங்கட்கிழமை கப்பல் இருக்காது மேடம்.”

அம்மையார் என் கையிலிருந்த பூங்கொத்தைப் பெற்றுக்கொண்டு நான்கு மணி ரயிலுக்குச் சென்றார். சனியன்று கப்பலும் சென்றது.

அன்றே விசாரணைக் கூட்டம் கூட்டப்பட்டது. ஜியாவுல்லா சாகிப் தலைமை. சமீருல்லா முன்னிலை. நான் குறிப்பெழுதினேன். முனீர் நின்றிருந்தார்.

“தப்பு யார் மேல?” என்றார் சாகிப்.

“சிஸ்டத்துல தப்பே இல்ல அப்பா” என்று சமீருல்லா திரையைக் காட்டினார். “பாருங்க. கெஸ்ட் வந்தாங்க, தங்கினாங்க, செக்-அவுட் பண்ணிட்டாங்க. எல்லாம் பச்சையா இருக்கு.”

“தங்கினாங்கன்னா கப்பல் ஏன் போச்சு?”

“அது வேற டிபார்ட்மெண்ட்.”

“சார், முன்னாடியே பெருமாளுக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார் முனீர். “போன் கூடாதுன்னு கிருபா சார்தான் சொன்னாரு. நீங்களே கேளுங்க.”

சாகிப் என் பக்கம் திரும்பினார். “இன்னா கிருபா, அப்படிச் சொன்னியா?”

அத்தகைய ஆணை எதுவும் எழுத்து வடிவில் இல்லை என்று உண்மையை உள்ளவாறு தெரிவித்தேன். புதனன்று ஏழு விடுதிகளுக்கு அனுமதியின்றித் தொலைபேசியில் பேசியதையும் கடமை கருதிச் சேர்த்துக்கொண்டேன். கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது: முன்னர்த் தொலைபேசியில் பேசாத குற்றமும், பின்னர்ப் பேசிய குற்றமும் முனீர் அகமதுவையே சாரும்.

“நல்லா இருங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். எவரைச் சொன்னார் என்று குறிப்பேட்டில் எழுத இயலவில்லை. மூவரும் ‘என்னையல்ல’ என்று கருதினோம்.

ஏற்றுமதிப் பிரிவு இப்போது கூடுதல் பொறுப்பாக என்னிடம் உள்ளது. ஊதியமும் சிறிது மிகுதி. முதல் நாளே அத்தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. இத்துணை மேன்மை பொருந்திய நிறுவனம் நம் கருத்தைப் பணிவுடன் கேட்கிறதே என்று நெகிழ்ந்தேன். ‘கரோலின் அவர்கள் தங்கியதில் யாருக்கேனும் பாதிப்பு ஏற்பட்டதா?’ என்று வினவி, ‘ஆம்’, ‘இல்லை’ என இரு கட்டங்கள் தந்திருந்தனர்.

முனீரின் நாற்காலி என் பழைய நாற்காலியைவிட மெத்தென்றிருந்தது. நன்றாகச் சாய்ந்துகொண்டு, ‘இல்லை’ என்பதை அழுத்தினேன்.