ஹாரிஸின் திட்டம், சல்மாவின் ஒத்தாசை

அநியாயம் நடந்தது சல்மாவுக்கு. செய்தவர் அவருடைய கணவர் ஹாரிஸ். நடந்த இடம் மலேசியாவின் சுங்கை பினாங்கில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியின் மண்டபம். எதிரே இருநூறு பெற்றோர்கள். கையில் மைக். அந்த மைக்கில் ஹாரிஸ் சொன்னது இதுதான்:

"நம்ம பள்ளிக்கூட கேன்டீனை ஆரோக்கியமா மாத்தணும்னு நான் ஒரு திட்டம் போட்டேன். இன்னிக்கு மத்த பள்ளிக்கூடமெல்லாம் நம்மளத் திரும்பிப் பாக்குது. சமையல்ல என் மனைவியும் கொஞ்சம் ஒத்தாசை பண்றாங்க."

கைதட்டல் எழுந்தது. சல்மாவும் தட்டினார். அதுதான் ஹாரிஸுக்கு உதைத்தது.

கணவன் மனைவிக்குள் யார் பெயர் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அப்படியானால் ஏன் எப்போதும் ஒரே ஆளின் பெயரே வருகிறது என்று அவர்கள் பதில் சொல்லட்டும். அதுவரை நாம் நடந்ததைப் பார்ப்போம்.

நான்கு வருடங்களுக்கு முன்பு அந்தச் சிற்றுண்டிச்சாலையை எடுத்து நடத்த வந்தவர் சல்மா. அப்போது அங்கே ஓடியது சிராப் என்கிற ரோஸ் நிறச் சர்பத்தும், எண்ணெய் சொட்டும் நக்கெட்டும், குச்சியில் குத்திய சோசேஜும்தான். சிராப்பை ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் பிள்ளைகள் கேட் வாசல் கடைக்கு ஓடியிருப்பார்கள். சல்மா நிறுத்தவில்லை. ஒரு கப் சிராப்பில் எவ்வளவு சீனி இருக்கிறதோ, அதை அளந்து ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சிராப் ஜாடிக்கு மேலே தொங்கவிட்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை உபதேசம் கிடையாது. பிள்ளைகள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் உம்மாவிடமும் அம்மாவிடமும் சொன்னார்கள். மூன்றாவது மாதம் ஜாடி காலியாகவில்லை. ஐந்தாவது மாதம் ஜாடியே இல்லை.

பயற்றங்காயைக் கண்டால் மூக்கைச் சுளித்தவர்களை வைத்தே வேலியோரம் பயற்றங்காய் போட்டார். தான் தண்ணீர் ஊற்றிய கொடியில் காய்த்ததை எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? பெலிம்பிங் பழத்தை நட்சத்திரமாக நறுக்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைத் துரத்தவில்லை. புதன்கிழமை மட்டும், வெள்ளரிக்காயும் முட்டையும் கூட வைத்து, சம்பலைக் குறைத்துக் கொடுத்தார். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதித் தட்டு காயும் பழமும். இதைச் சரிபார்க்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிலேயே ஒரு குழுவை உண்டாக்கினார். தட்டு சரியில்லை என்றால் ஆசிரியரே ஆனாலும் திரும்ப வரிசைக்குப் போக வேண்டும். தலைமையாசிரியர் இரண்டு முறை போயிருக்கிறார்.

இந்த நான்கு வருடமும் ஹாரிஸ் என்ன செய்தார்? இன்சூரன்ஸ் விற்றார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவரானார். மதியமானால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் போய், சோற்றில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றும் நாசி கண்டார் சாப்பிட்டார். வீட்டில் கேட்டால், "ரெண்டு பிஸ்கட்டோட சரி, டயட்டு" என்றார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது புயலுக்குத் தயாராகத்தான் வந்தார். புயல் இல்லை. தேநீர் இருந்தது.

"நல்லாப் பேசுனீங்க, மச்சான்."

"கோவமா இருக்கியா, புள்ள?"

"எதுக்குக் கோவம்? திட்டம் உங்களுது. நான் ஒத்தாசை."

"அது ஒரு பேச்சுக்குலா."

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. வியாழக்கிழமை கல்வி இலாகாலேர்ந்து புவான் ரோஹானா வர்றாங்க. மத்த எட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் இதச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுறாங்களாம். விண்ணப்பப் பாரத்துல 'திட்டத்தை உருவாக்கியவர்'னு ஒரு எடம் இருக்கு. யார் பேரு போட?"

ஹாரிஸ் தேநீரை ஊதினார். எட்டுப் பள்ளிகள். எட்டு மேடைகள். எட்டு மாலைகள். பத்திரிகையில் படம் வந்தாலும் வரலாம்.

பாரத்தில் அந்த இடத்துக்காக சல்மா நான்கு வருடம் காத்திருந்தார் என்பது ஹாரிஸுக்குத் தெரியாதா? தெரியும். அலமாரியில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. எந்தக் காயை எப்படி நறுக்கினால் எந்த வயசுப் பிள்ளை சாப்பிடும் என்று பக்கம் பக்கமாக எழுதி, முதல் பக்கத்தில் 'மற்ற பள்ளிகளுக்கு' என்று தலைப்புப் போட்டிருந்தார் சல்மா. ஹாரிஸ் பார்த்திருக்கிறார். ஆனாலும் மாலை மாலைதானே.

"மைக்ல சொன்னதுக்கப்புறம் மாத்திப் போட்டா நல்லாருக்காது" என்றார் மெதுவாக.

"சரி. உங்க பேரே போடுறேன். ஆனா அன்னிக்கு நீங்கதான் முன்னாடி நிக்கணும். நான் ஓரமா நின்னு பழம் நறுக்குறேன்."

"அதுல என்ன இருக்கு? முப்பது வருசமா சாப்பிட்டுட்டுத்தானே இருக்கேன். நான் சமாளிக்கிறேன்லா."

வியாழக்கிழமை ஹாரிஸ் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். புவான் ரோஹானா சிரித்த முகத்துக்காரர். கையில் ஒரு கோப்பு. ஓய்வு மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"முதல் தட்டை நீங்களே போட்டுக் காட்டுங்களேன்" என்று மலாயில் கேட்டார் புவான் ரோஹானா.

ஹாரிஸ் தட்டை எடுத்தார். அங்கேதான் கை அவரைக் காட்டிக்கொடுத்தது. பினாங்கில் தினமும் நாசி கண்டார் சாப்பிடுகிற கைக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். சோறு மலையாக விழுந்தது. கோழி இரண்டு துண்டு. அப்புறம் கோழிக் குழம்பு, அதன்மேல் மீன் குழம்பு, இரண்டும் கலந்து தட்டு விளிம்புவரை வெள்ளம். காய்ப் பாத்திரத்தைக் கண் பார்க்கவே இல்லை.

மேசை ஓரத்தில் பச்சைப் பட்டை குத்திய ஒரு சிறுமி கையை நீட்டித் தடுத்தாள். தட்டு பார்க்கும் குழுவின் தலைவி, அதிரா.

"அங்கிள், இந்தத் தட்டு போகாது."

"ஏம்மா?"

"காய் எங்க? பழம் எங்க? கொழம்பு ஒரு கரண்டிதான். நீங்க நீச்சல்குளம் கட்டியிருக்கீங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். சல்மா ஆன்ட்டியோட ஹஸ்பண்ட்."

"இந்தத் திட்டமே என்னுதும்மா."

"அப்ப ரூல் தெரிஞ்சிருக்கும்ல. திரும்ப லைனுக்குப் போங்க."

போனார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால், பாத்தேக் சட்டையோடு. பழம் நறுக்கிக்கொண்டிருந்த சல்மா தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டாம் தட்டு தேறியது. புவான் ரோஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சிராப்பை எப்படி நிறுத்தினீர்கள்?"

"கண்டிப்பு. ஒரே வார்த்தை. கூடாதுன்னா கூடாது."

"இல்ல அங்கிள்" என்றாள் பின்னால் நின்ற அதிரா. "ஆன்ட்டி சீனியப் பையில கட்டித் தொங்கவிட்டாங்க. கூடாதுன்னு சொல்லவே இல்ல."

"அதேதான். பை மூலமா கண்டிப்பு."

புவான் ரோஹானா சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தார். பாரத்தில் ஹாரிஸின் பெயர், சல்மாவின் அழகான கையெழுத்தில். அதற்குக் கீழே கையொப்பம் போட ஒரு கோடு.

"மிகவும் சந்தோஷம். வருகிற சனிக்கிழமையிலிருந்து ஒரு வருடம். எட்டுப் பள்ளிக்கும் முறைவைத்து, ஒவ்வொரு வாரமும் ஒரு பள்ளி. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நீங்களே நறுக்கி, சமைத்து, அந்தச் சமையல்காரர்களுக்குக் காட்ட வேண்டும். சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முந்நூறு தட்டு."

ஹாரிஸ் மாலைகளைத் தேடினார். பாரத்தில் மாலை என்ற சொல்லே இல்லை.

எழுந்து சல்மாவிடம் போனார். "புள்ள, எனக்குக் கங்கோங் கீரைக்கும் முளைக்கீரைக்குமே வித்தியாசம் தெரியாது."

"தெரியும்."

"நீயே போய் அந்தம்மாகிட்ட சொல்லிடேன்."

"நான் என்ன சொல்ல, மச்சான்? நான் ஒத்தாசை."

"இதெல்லாம் நீ பண்ணதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். யாருக்குத் தெரியாதோ அவங்ககிட்ட சொல்லுங்க. அன்னிக்கு மைக்லதான சொன்னீங்க?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. அன்று காலையில் அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று ஹாரிஸ் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

தொண்டையைச் செருமினார். பிள்ளைகள், ஆசிரியர்கள், புவான் ரோஹானா, எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு விசயம் சொல்லணும். இந்தத் திட்டம் என்னுது இல்ல. ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் என் மனைவி சல்மா பண்ணது. பாரத்துல அவங்க பேருதான் வரணும்." கொஞ்சம் நிறுத்தினார். மானத்தில் கடைசிப் பருக்கையாவது மிஞ்சட்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். "நான் சும்மா ஒத்தாசை."

கைதட்டல் அன்றைக்கு விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது. புவான் ரோஹானா பெயரை அடித்துவிட்டு, பாரத்தை சல்மா பக்கம் நகர்த்தினார். சல்மா கையைத் துடைத்துக்கொண்டு, கையொப்பம் போட்டு, நிதானமாக நிமிர்ந்தார்.

"அப்ப சனிக்கிழமை காலைல நாலரைக்கு எந்திரிச்சிருங்க, மச்சான். முந்நூறு தட்டுக்குக் கங்கோங் நறுக்கணும், ஒத்தாசைன்னா அதுதான்."