அரை டொக்டரும் குழைசோறும்

இத்தாலியின் பலேர்மோ நகரத் தமிழர்களில், பிறருக்கு உதவி செய்யவே கூடாது என்று விரதம் பூண்டிருந்த ஒரே ஆள் அரை டொக்டர்தான். கல்நெஞ்சுக்காரர் பலரைக் கண்டிருக்கிறேன். அதற்கென்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்தவரை இவரைத் தவிர நான் கண்டதில்லை.

கொழும்பில் தொழில்வழிச் சிகிச்சை என்ற ஒன்றைப் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு மறுவாழ்வு நிலையத்தில் வேலை செய்தவர் அவர். நாற்பதைத் தாண்டியதும் சும்மா இருக்கலாம் அல்லவா? இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில், அதே துறையில் டொக்டர் பட்டம் எடுக்கப் போகிறேன் என்று ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாகச் சேர்ந்துவிட்டார். வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த தமிழ்க் கடையில் வைத்து முதலாளி அவரை விசாரித்தார்.

"அப்ப தங்கச்சி, இனி ஊசி போடுவியளோ?"

"இல்லை."

"மருந்து எழுதித் தருவியளோ?"

"இல்லை அண்ணை."

"பின்னை என்னத்தைத்தான் செய்வியள்?"

"கை ஏலாத ஆக்கள் தங்கடை சட்டைப் பொத்தானைத் தாங்களே பூட்டச் செய்வன்."

"அதைத்தானே இப்பவும் செய்யிறியள்?"

"ஓம். இனி இன்னும் வடிவாச் செய்வன்."

முதலாளி அந்த இடத்திலேயே பெயர் சூட்டிவிட்டார். இத்தாலியர்கள் பட்டம் பெற்ற எந்தப் பெண்ணையும் 'டொத்தோரெஸ்ஸா', அதாவது டொக்டர் அம்மா, என்று வாய் நிறைய அழைப்பார்கள். நம்மவர்கள் அவ்வளவு தாராளம் இல்லை. பாதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

ஒரு கல்யாணத்தில், பக்கவாதம் வந்து தேறிய பெரியவர் ஒருவர் படம் எடுப்பதற்காகக் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உதவப் பாய்ந்த இளைஞனைப் பார்த்து, "தொடாதேங்கோ!" என்று அரை டொக்டர் போட்ட சத்தத்தில் மேளக்காரரே ஒரு தட்டைத் தவறவிட்டார். "அவர் பூட்டுவார். விடுங்கோ." பெரியவர் கடைசிப் பொத்தானையும் பூட்டி மேடை ஏறியபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் உடுப்பு மாற்றப் போயிருந்தார்கள். இரண்டு வெறும் கதிரைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார் பாவம். அந்தப் படத்தில் அவர் எதற்காக அப்படிச் சிரிக்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

இந்த மனுசியை என் வீட்டுக்குள் விடவேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் மகள் கோடை விடுமுறையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தாள். ஒரு பின்னேரம் ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது கார் ஒன்று இடித்துவிட்டது. இன்றைக்கும் ஸ்கூட்டர் பிரேக் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். வலது மணிக்கட்டு உடைந்து, நரம்பும் அறுந்து, தைத்துவிட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கை, தண்ணீரில் ஊறிய கையுறை மாதிரித் தொங்கியது.

பெற்றவன் என்ன செய்வான்? சோற்றைக் குழைத்து, உருட்டி, மூன்று வேளையும் ஊட்டினேன். மலை ஏறி, இந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரொசலியாவுக்கு நேர்த்தி வைத்தேன். எங்கள் ஒரேத்தோப் பகுதியில் இருந்த தமிழ்ச் சனம் முழுவதும் கறிச்சட்டியோடு வந்தது. கடைசியாக, வெறுங்கையோடு வந்தவர் அரை டொக்டர்.

"அண்ணை, என்ரை படிப்புக்கு ஒரு செய்முறை வேலை செய்யோணும். பிள்ளையின்ரை கையை என்னட்டை விடுங்கோ."

"ஆஸ்பத்திரியிலை பயிற்சி குடுக்கினம். தடிச்ச பிடி வைச்ச முள்ளுக்கரண்டியும் தந்திருக்கினம்."

"உங்கடை வீட்டிலை முள்ளுக்கரண்டியாலையே சோறு தின்னுறனீங்கள்?"

அவர் சோறும் பருப்பும் கேட்டார். மகளின் முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தார். "குழைச்சுச் சாப்பிடு பிள்ளை."

சோறு மேசையில், மடியில், சுவரில் எல்லாம் இருந்தது. வாயில் மட்டும் இல்லை. மகளின் கண் கலங்கியது. என் கை தானாக நீண்டது.

"அண்ணை! கையைத் துடைக்குக் கீழை வைச்சு அதுக்கு மேலை இருங்கோ."

"பிள்ளை பசியிலை அழுதுகொண்டிருக்கிது!"

"நேர்த்தியை நீங்கள் வையுங்கோ. சோத்தை அவள் குழைக்கட்டும்."

என் சொந்த வீட்டில், என் சொந்தக் கதிரையில், என் சொந்தக் கைகளின் மேல் நான் அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாதக்கணக்கில் இதுதான் கூத்து. குழைசோற்றுக்குப் பிறகு உதிர்ந்த சோறு, அதற்குப் பிறகு புட்டு. என் மனைவிக்கு இடியப்பத்தின் தடிப்புவரை உத்தரவு போட்டார். "இவவுக்குச் சாப்பாடு போடுறனோ, சோதினை எழுதுறனோ?" என்றாள் மனைவி. இதற்கா டொக்டர் பட்டம்? சோறு தின்னப் பழக்க எங்கள் ஊரில் எவரும் பல்கலைக்கழகம் போனதில்லை.

படிப்பின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்கப் பேராசிரியர்கள் கணினித் திரையில் பார்த்திருக்க, மகள் சாப்பிட்டுக் காட்டவேண்டும். அரை டொக்டர் சேலை கட்டி வந்திருந்தார். ஆனால் சாப்பிட வைத்தது புட்டு. அதுவும் உதிர்புட்டு! இரண்டு தடவை வாய்க்குப் போகும் வழியில் உதிர்ந்தது. திரையில் இருந்த முகங்கள் இறுகின. பிள்ளையின் உதடு நடுங்கியதைக் கண்டதும், துடைக்குக் கீழே கிடந்த என் கை புறப்பட்டுவிட்டது.

"பாஸ்தா அப்பா, போதும்! நான் செய்யிறன்!" என்றாள் மகள்.

அரை டொக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். திமிற முயன்றபோதுதான் தெரிந்தது: அந்தக் கை பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்து, என் கையைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

மகள் புட்டில் இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி விட்டாள். மெதுவாக விரல்களை மடக்கினாள். பிடித்தாள். வாய்க்குள் வைத்தாள். மேசைக்குக் கீழே என் மணிக்கட்டு விடுபடுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பட்டம் கிடைத்துவிட்டது. முதலாளி இன்றைக்கும் அரை டொக்டர் என்றுதான் சொல்கிறார். மீதிப் பாதியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை டொக்டர் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் ஒரு துரும்பைக்கூடத் தூக்கி வைக்கமாட்டார். மகள் கேத்திலைத் தூக்கி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். கேத்தில் கொஞ்சம் ஆடும். நான் என் கைகளின் மேல் உட்கார்ந்துகொள்வேன்.