நாற்பத்திரண்டாம் எண் விசில்

மணி பத்தே முக்கால். எண் அக்கா மேஜையைத் துடைக்கலாமென்று சாப்பாட்டு டப்பாவைத் தூக்கினாள். அடியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவாளரின் கோழிக் கிறுக்கல்.

"முதல் ஃபைல் முதலாளி ஐயாவோட விசில். ரெண்டாவது மைக் சோதனை."

அவள் நேர்மாறாக எண் போட்டிருந்தாள்.

அந்தச் சின்ன இசைக் கம்பெனியில் அடையாள எண் கொடுப்பதுதான் அவள் வேலை, பட்டப்பெயரும் அதனால்தான். ஆல்பத்துக்கு மொத்தமாக ஒரு பார்கோடு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக ஓர் எண். ஒரே மெட்டாக இருந்தாலும் இரண்டு தடவை பதிந்தால் இரண்டு எண். கம்பெனிக்குள் யாராவது தும்மி அது மைக்கில் விழுந்துவிட்டால்கூட எண் கொடுக்காமல் விடமாட்டாள். சாப்பாட்டு டப்பாவிலேயே ஒரு பார்கோடு ஒட்டி வைத்திருப்பவள் அவள். பதினோரு வருஷத்தில் ஒரு பிழை கிடையாது.

இன்று பன்னிரண்டு மணிக்கு ரேடியோவில் முதலாளியின் முதல் இசை வெளியாகிறது. அவரே மெட்டமைத்த விசில். ரேடியோவுக்குப் போன தாளில் இருக்கும் எண் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டின் கீழே இருப்பதோ, மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தரை துடைக்கும் விசிலம்மா அடித்துக் காட்டிய விசில். முதலாளியுடையது நாற்பத்தொன்றின் கீழே. மெட்டு ஒன்றேதான். முதலாளி ஒரு மாதமாக அதையே முணுமுணுத்ததில் கட்டடத்துக்கே அது மனப்பாடமாகியிருந்தது.

காலையில்தான் முதலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். போன மாதம் முன்வரிசைப் பல் மொத்தமும் புதிதாகக் கட்டியதிலிருந்து அவர் பேசினால் 'ச' வழுக்கி எச்சில் தெறிக்கும் என்று இரண்டடி தள்ளி நிற்பது எல்லோருக்கும் வழக்கமாகியிருந்தது.

"இது மட்டும் ஃபரியா வந்துடட்டும்மா. அந்த ஜன்னல் ரூம் உனக்குத்தான். ஃபத்தியம்."

ஜன்னல் ரூம்! பதினோரு வருஷமாக மாடிப்படிக்கு அடியில், மேலே ஏறி இறங்குபவர்களின் செருப்புத் தூசியைத் தலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவும் ஜன்னலும் உள்ள ஓர் அறைக்காக அவள் எதுவும் செய்வாள்.

கணினியைத் திறந்தாள். நாற்பத்தொன்றை அங்கே, நாற்பத்திரண்டை இங்கே என்று எண்களை மாற்றிப் போட்டாள். மணி பதினொன்று. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஒலிப்பதிவாளர் தாடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

"அக்கா, ஒரு விஷயம். நீங்க எண்ணை மாத்திப் போட்டிருந்தீங்க. உங்களுக்குத் திட்டு விழக் கூடாதேன்னு பத்தரைக்கே ரெண்டு ஃபைலையும் இடம் மாத்தி வச்சுட்டேன். கவலைப்படாதீங்க."

எண் அக்கா எழுந்து நின்றாள்.

"தம்பி, நானும் இப்பத்தானே எண்ணை மாத்தினேன்."

"அப்ப?"

"அப்ப என்ன, பழையபடி தப்பாயிடுச்சு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அவள் தன் அறிவை நொந்துகொண்டே எண்களைப் பழையபடி ஆக்கினாள். அங்கே அவரும் பொறுப்பான மனிதர், தான் செய்ததைத் தானே சரிசெய்ய வேண்டுமென்று ஃபைல்களைப் பழையபடி ஆக்கினார். மாடிப்படியில் சந்தித்தபோது இரண்டு பேர் முகத்திலும் வெற்றிப் புன்னகை.

"மாத்திட்டேன் அக்கா."

"நானும் மாத்திட்டேனே."

புன்னகை இரண்டும் ஒன்றாக அணைந்தன. சீட்டை எழுதியது ஃபைலை மாற்றுவதற்கு முன்னா பின்னா என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

"இனிமே யாரும் எதையும் தொட வேணாம்" என்றாள் அவள். "ரெண்டையும் போட்டுக் காதால கேட்டு முடிவு பண்ணலாம்."

மணி பதினொன்றே முக்கால். முதல் ஃபைலைக் கேட்டார்கள். அருமையான விசில். இரண்டாவதைக் கேட்டார்கள். அதுவும் அருமையான விசில்.

"முதல்ல கேட்டதுதான் ஐயா" என்றார் ஒலிப்பதிவாளர். "மூச்சு கனமா இருக்கு பாருங்க. பெரிய மனுஷன் மூச்சு."

"நீதானே தம்பி பதிவு பண்ணினே? உனக்கே தெரியலையா?"

"சோதனை மட்டும்தான் நான் பண்ணேன். ஐயா அடிக்கறப்ப, வெட்கமா இருக்குன்னு என்னை வெளியே அனுப்பிட்டாரே. தரை துடைக்கிற விசிலம்மாவைத் தவிர யாரும் உள்ளே இல்ல."

மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை அவருக்கு இரண்டாவதில் பெரிய மனுஷன் மூச்சு கேட்டது. மூன்றாம் தடவை இரண்டிலும் கேட்டது.

எண் அக்கா ரேடியோ நிலையத்துக்கு ஃபோன் போட்டாள்.

"நாற்பத்திரண்டை நிறுத்துங்க, வேற எண் தரேன்."

"நாற்பத்திரண்டை ஏத்தியாச்சு மேடம். இன்னும் ஒரு நிமிஷம்தான்" என்றது அந்தப் பக்கக் குரல்.

முதலாளி அறையில் கம்பெனி முழுவதும் கூடியிருந்தது. எண் அக்கா கதவோரம் நின்றாள். பன்னிரண்டு அடித்தது. விசில் கிளம்பியது. குழைந்தது, ஏறியது, உச்சியில் போய் நின்றது. ஒருவரும் மூச்சு விடவில்லை. முடிந்த மறுகணம் ஃபோன்கள் அலற ஆரம்பித்தன. மறுபடி போடச் சொல்லி ரேடியோவில் நச்சரிப்பாம். இரண்டு கடைகள் அப்போதே ஆல்பத்தின் பார்கோடைக் கேட்டன.

முதலாளி கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார்.

"ரூம் ஃபாவியை எடுத்துக்கோம்மா."

சாவி கைக்கு வந்தது. ஆனால் அவள் மனம் ஆறவில்லை. ஒலிபரப்பானது யாருடைய விசில்? விசிலம்மாவுடையது என்றால், அந்த ஏழையின் பெயரை அமுக்கிவிட்டு ஜன்னலோரம் காற்று வாங்குவதா? பதினோரு வருஷம் பிழையில்லாமல் எழுதிய கை இதைத் தாங்காது. முதலாளியிடம் சொன்னால் அறை போகும். போகட்டும். முதலில் உரியவளிடம் சொல்லிவிடலாம்.

ஜன்னல் அறையில் விசிலம்மா மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள் எண் அக்கா. "நாலு தடவை மாத்தி மாத்திப் போட்டதுல, ரேடியோவுல போனது ஐயா அடிச்சதா நீ அடிச்சதான்னு எனக்கே தெரியல. உன்னுதா இருந்தா உன் பேரைத்தான் எழுதணும். வா, ஐயாகிட்டப் போயி உண்மையைச் சொல்லிடுவோம்."

விசிலம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஐயாகிட்ட எதுக்குக்கா சொல்லணும், அவருக்குத் தெரியாததா? பல்லு கட்டினதுலேருந்து அவருக்கு விசிலே வரல, காத்துதான் வருது. அன்னிக்கு அவர் தாளம் போட்டாரு, ரெண்டு விசிலும் நான்தான் அடிச்சேன்."