பங்கு அண்ணன் ஜீப்பில் லண்டன் கூச்சல்

இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாமல், இங்கிலாந்து ராஜகுடும்பத்தைத் தினமும் காலையில் வைதவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிச் செல்பவர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் பங்கு அண்ணன்.

செல்போன் கடையில் பழைய தமிழ்ப் பாட்டு கேட்டுப் பென்டிரைவ் கொடுத்திருந்தார். கடைக்காரர் ஆள் மாற்றி, வேறு யாருடையதையோ கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு லண்டன் கோஷ்டி. அரை நூற்றாண்டுக்கு முன்னால் தலைமுடியை ஆணி மாதிரி நிறுத்தி, கிழிந்த சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு நாலு பேர் கத்தி, அந்த ஊரையே கலக்கிய பாட்டுகள். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பார். இவர் முதல் கொண்டைஊசி வளைவு ஏறுவதற்குள் அந்தச் சத்தத்தில் மயங்கிவிட்டார்.

நான் மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிறவன். முன் சீட்டில் உட்காருவதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. இந்த வகைப் பாட்டுக்கு 'பங்க்' என்று பெயர் என நான்தான் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் ஜீப்புக் கண்ணாடியில் 'பங்கு' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. ஜீப்பின் சொந்தக்காரர் ஆள் அனுப்பும் கங்காணி. தனக்குத் தெரியாமல் வண்டியில் யார் பங்கு சேர்ந்தது என்று அவர் சில நாள் சரியாகத் தூங்கவில்லை.

பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார். எனக்கும் பாதி புரியாது. ஒன்றில் ராணியை வைகிறார்கள், ஒன்றில் முதலாளியை, மிச்சத்தில் பொதுவாக வைகிறார்கள் என்பேன்.

"எதுக்கு வையிறோம்னு அவிய்ங்களுக்காச்சும் தெரியுமா கணக்குப்பிள்ளை?"

"சந்தேகந்தான்."

"அப்ப நம்மாளுகதான்."

ஜீப்பில் மூத்தவரான பேச்சியக்கா, வயிற்றிலிருக்கும் பழைய சோறு கலங்குகிறது என்று முறையிட்டுப் பார்த்தார். கோயில் வளைவிலாவது நிறுத்தச் சொன்னார். சாமிக்கு உறுமிச் சத்தம் பிடிக்கும் என்று இவர் பாட்டை இன்னும் கூட்டி வைத்தார். அண்ணன் தன் சொந்த அக்கா பேத்தி காதுகுத்தில் மைக்செட் பொறுப்பை வாங்கி அதே பாட்டைப் போட்டதில், குழந்தை அழுவதற்கு முன்னால் ஆசாரி ஊசியைக் கீழே போட்டுவிட்டார்.

பறிப்பு மும்முரமான ஒரு மழைநாள் காலையில்தான் விஷயம் முற்றியது. பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேரை ஏற்றச் சொன்னார் கங்காணி. அதற்கு முந்தின வாரம்தான் வேறொரு ஜீப்பு வளைவில் சாய்ந்து சிலருக்கு எலும்பு முறிந்திருந்தது. பங்கு அண்ணன் எஞ்சினை அணைத்தார். பாட்டை மட்டும் முழுச் சத்தத்தில் விட்டுவைத்தார். கங்காணி வைதது ஒன்றும் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. கடைசியில் அவரே கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"வண்டிய எடுக்கிறியா, எறங்குறியா?"

"மிச்ச ஆளுகளுக்கு இன்னொரு வண்டி வரட்டும்ணே. அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

பெண்கள் கங்காணியை விட்டுவிட்டு இவரைத்தான் திட்டினார்கள். கூலி போனால் லண்டன்காரனா கொடுப்பான் என்று ஒருத்தி கேட்டாள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பேச்சியக்கா இறங்கினார். சேலையை இழுத்துச் செருகி, ஜீப்புக்கு முன்னால் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

"பாட்டுத்தான் வெளங்கல. இவன் சொல்றது நல்லா வெளங்குது. வேற வண்டி வரட்டும் அப்பு" என்றார் கங்காணியிடம்.

ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். மேலே செடியில் காய் பழுத்து வெடிக்கும்போது வெகுநேரம் வீம்பு பிடிக்க முடியாது. கங்காணி போனை எடுத்தார். அன்றிலிருந்து இரண்டு ஜீப்பு.

தண்டனையாக அண்ணனுக்குக் கிடைத்தது, ஷெட்டில் கிடந்த ஓட்டை ஜீப்பு. அதில் பாட்டுப் பெட்டி கிடையாது. கங்காணிக்குக் கிடைத்த நிம்மதி மலையடிவாரம் வரைக்கும்தான். அண்ணன் தானே பாட ஆரம்பித்துவிட்டார். இங்கிலீஷ் அவர் சொந்தத் தயாரிப்பு. ராகம் யாருடையதும் இல்லை.

நல்ல ஜீப்பு முதலில் கிளம்பும். மெத்தை சீட்டு, தமிழ்ப் பாட்டு. முன் சீட்டைக் காட்டி என்னைக் கூப்பிடுவார்கள். இன்னும் டீ குடிக்கவில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லிவிடுவேன். குடித்து முடித்த கிளாஸ் என் கையில்தான் இருக்கும்.