கொம்பனைத் தெளிய வைக்கும் கோப்பு

டீயா காப்பியா என்று முடிவெடுப்பதற்குக் கோப்பு திறந்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கோப்பு அண்ணன்தான். மலைமேல் செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் உதவியாளர், நான் தட்டச்சர். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்று, "என்ன குடிக்கறீங்ணா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். இடது பக்கம் ஓரம் மடித்தார். 'பொருள்: காலைப் பானம்' என்று எழுதினார். அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

இந்த மலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவு. அண்ணன் ஒரு முடிவுக்கு வர அதற்கு மேலேயே ஆகும். கேட்டால், "வாயில சொன்னா காத்தோட போயிருமுங்க அம்மிணி. எழுதி வெச்சாத்தான் நிக்கும்" என்பார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு செல்போன் விளையாட்டு சிக்கியது. போனை நீட்டிக்கொண்டு நடந்தால், நிஜ ரோட்டிலும் நிஜ மரத்தடியிலும் விநோத ஜந்துக்கள் நிற்பதுபோல் திரையில் தெரியும். பிடித்துத் தீனி போட்டுப் பலம் ஏற்றலாம். பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகத் திரை காட்டும் கோபுரத்தில் காவலுக்கு நிறுத்தலாம். வேறொருவர் ஜந்து வந்து முட்டித் தள்ளினால் கோபுரம் அவருக்கு. சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். சும்மா நடக்க அண்ணனுக்கு வெட்கமாக இருந்ததாம், அதனால் ஜந்து பிடிக்க நடந்தார்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் மலையின் ஊர்க் கூட்டங்களில் ஒன்றான குண்டூர் நாட்டில், ஒரு மரவள்ளிக் காட்டு ஓரம் போனை நீட்டிக்கொண்டு நின்றார். காட்டுக்குச் சொந்தக்காரர் பெரியண்ணன் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க சார், சொல்லாமக் கொள்ளாம அளக்க வந்துட்டீங்க?"

"அளக்கலீங்க. ஒரு ஜந்து புடிக்கறேனுங்க."

ஆபீஸ்காரர் ஒருவர் காட்டில் நின்று போனை நீட்டினால் அது அளவைதான். வேறு எதையும் நம்ப அங்கே ஆள் இல்லை. கால் மணி நேரத்தில் ஊரே பத்திரப் பையோடு வந்து சுற்றி நின்றுவிட்டது. நானாக இருந்தால் ஓட்டம் பிடித்திருப்பேன். அண்ணன் பாறையில் உட்கார்ந்து ஆளாளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். சிட்டாவில் பெயர் தப்பு, வழிப் பாதை அடைப்பு, சாதிச் சான்று இழுபறி. அன்று பிடித்த ஜந்து ஒன்று, எழுதிய மனு பதினொன்று. அப்புறம் ஒவ்வொரு மனுவின் பின்னாலும் மேசை மேசையாக அலைந்தார்.

அந்த ஜந்துதான் கொம்பன். எருமைக்கும் முள்ளம்பன்றிக்கும் பிறந்தது போல் ஒரு முகம், உடம்பைச் சுற்றிக் கறுப்புப் புகை. புகை சூழ்ந்த ஜந்துக்கு ஆத்திரம் அதிகம், அடியும் அதிகம். இரண்டு வருஷம் தீனி போட்டு அதைப் பலத்தின் உச்சிக்கு ஏற்றி, பஸ் ஸ்டாண்ட் கோபுரத்தில் காவலுக்கு நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அருவி பார்க்க மலைக்குக் கீழேயிருந்து பைக்கில் ஏறி வரும் கீழ்நாட்டு வாலிபர்கள் கோபுரத்தை முட்டிப் பார்ப்பார்கள். கொம்பன் ஒருத்தரையும் விட்டதில்லை. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரும் பெரியண்ணன், "கொம்பன் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வந்த வேலையைச் சொல்வார்.

இப்படி இருக்கையில் அண்ணனுக்குக் கடலோர ஊர் ஒன்றுக்கு மாறுதல் வந்தது. நாங்கள் மாலை வாங்குவது பற்றிப் பேச, அவர் கோப்பு திறந்தார். 'பொருள்: கொம்பன் – தெளிய வைப்பது – முடிவு வேண்டி.'

விளையாட்டில் 'தெளிய வை' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் புகை போய்விடும், கூடவே அடியும் குறைந்துவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் பழையபடி ஆக்க முடியாது. ஆனால் புகை சூழ்ந்த ஜந்தை இன்னொருவருக்குக் கொடுக்க விளையாட்டு விடாது, தெளிந்ததைத்தான் கொடுக்கலாம். ஆக, கொம்பனை முழுப் பலத்தோடு கடலோரத்துக்குக் கொண்டுபோவதா, பலத்தைக் குறைத்து மலையிலேயே யாரிடமாவது விட்டுப்போவதா? அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கருத்துக் கேட்டு கோப்பு என் மேசைக்கு வந்தது. எரிச்சலில், 'தெளிய வேண்டியது கொம்பன் அல்ல' என்று எழுதினேன். கீழே 'பார்த்தேன்' என்று இனிஷியல் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் மேசையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'ஆட்சேபணை உள்ளோர் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.'

தெரிவித்தார்களே! பெரியண்ணன் மனுவோடு வந்து நின்றார். 'எங்கள் காட்டில் பிடிபட்ட மேற்படி கொம்பனைக் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோவதில் எங்களுக்குக் கடும் ஆட்சேபணை உள்ளது.' கீழே பதினொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும். மனு எழுதும் விதம் அப்படியே அண்ணனுடையது.

"இங்க உடோணும்னா தெளிய வெக்கோணுமுங்க. அடி கொறஞ்சு போயிருமுங்க" என்றார் அண்ணன்.

"கொறஞ்சா என்னங்க சார்? நீங்களுந்தான் வந்த புதுசுல எங்களக் கண்டா எரிஞ்சு எரிஞ்சு உழுந்தீங்க. இப்பத் தெளிஞ்சுட்டீங்க. உங்கள வேண்டாம்னா சொன்னோம்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் கோப்பை என் முன்னால் வைத்தார். 'ஆட்சேபணை ஏற்கப்பட்டது. கொம்பனைத் தெளிய வைத்து, மலையில் பணிபுரியும் தட்டச்சர் வசம் ஒப்படைக்கலாம்.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாகத் திருட்டுத்தனமாக அந்த விளையாட்டை நானும் ஆடிக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏனுங்ணா, நானே கீழ மாறுதல் கேட்டு எழுதப் போறேன். தெரிஞ்சேதான் குடுக்கறீங்களா?"

"தெரியுமுங்க அம்மிணி. அது உங்க கோப்பு. நான் தொறக்க முடியாதுங்களே."

அண்ணன் பொத்தானை அழுத்தினார். புகை கலைந்ததும் கொம்பன் கன்றுக்குட்டி மாதிரி விழித்தது. இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், என்னிடம் வந்துவிட்டது. அண்ணன் பஸ் ஏறிப் போய்விட்டார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கொம்பன் நன்றாக அடி வாங்குகிறது. திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் நின்று கோபுரத்தை நான் திரும்பப் பிடிக்கிறேன். பெரியண்ணன் வந்து நலம் விசாரிக்கிறார். நல்லா இருக்குதுங்க என்கிறேன்.

என் மாறுதல் விண்ணப்பம் எழுதி மேசை டிராயரில் கிடக்கிறது, கையெழுத்துதான் போடவில்லை. அதற்கும் ஒரு கோப்பு திறந்திருக்கிறேன். விஷயம் கேள்விப்பட்டுக் குண்டூர் நாட்டிலிருந்து பதினொரு கையெழுத்தோடு ஆட்சேபணை வந்துவிட்டது. பன்னிரண்டாவதாக நானே அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே 'பார்த்தேன்' என்று இனிஷியல் போடத்தான் அண்ணன் பக்கத்தில் இல்லை.